தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தார். 2020இல் கொரோனாவின்போது தொழிலாளர் விடுதியில் அடைபட்டுக் கிடந்தவர்களில் அவரும் ஒருவர். 2022இல் ஊருக்கு வந்தார். அந்த நாட்களைப் பற்றி வாயே திறப்பதில்லை. சென்ற மாதம் இங்கே ஒரு கூட்டத்தில், இணையவழி யோகாவும் பாட்டுப் போட்டிகளும்தான் அந்தத் தொழிலாளர்கள் மனம் உடையாமல் காத்தன என்று ஒருவர் பேசினார். அண்ணனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். சமூக ஆதரவு என்பது இவ்வளவுதானா? அண்ணனிடம் நான் எப்படிப் பேசுவது?

கே., அறந்தாங்கி

அன்புள்ள கே.,

யோகாவை நான் குறை சொல்லமாட்டேன். ஓர் அறையில் பன்னிரண்டு பேர் இரண்டடுக்குக் கட்டில்களில் கிடக்கும்போது பாயை எங்கே விரிப்பது என்பதையும் அந்தப் பேச்சாளர் சொல்லியிருக்கலாம்.

2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோலில் ஒன்றும் தோ குவானில் ஒன்றுமாக இரண்டு விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. அவற்றில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர். சில வாரங்களில் எல்லா விடுதிகளும் அடைக்கப்பட்டன. தமிழர்கள், வங்காளதேசிகள், சீனர்கள், மியன்மார்காரர்கள் என்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். அந்த ஆண்டின் முடிவில் அரசு தந்த கணக்குப்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. பெரும்பாலும் இளவயதினர் என்பதால் இறப்பு மிகக் குறைவு. அவர்களை வாட்டியது நோயைவிட, எதுவும் தெரியாமல் இருந்த நிலைதான். மூக்கில் குச்சி விட்டு ஸ்வாப் எடுத்தார்கள், முடிவு எப்போது வரும்? பக்கத்துக் கட்டில்காரரை இரவில் கூட்டிப்போனார்கள், எங்கே? இந்த மாதச் சம்பளம் வருமா? வேலை பெர்மிட் முடியப்போகிறதே?

ஆகவே அந்த முதல் மாதங்களில் மனத்துக்கு மருந்தாக இருந்தவை, மனநலம் என்ற பெயரே இல்லாத உதவிகள். சிம் அட்டை, டாப்-அப். வாயில் வைக்கக்கூடிய சோறு (ஆரம்பத்தில் வந்த சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்லாதவர்களே கிடையாது). நோன்பு மாதம் அப்போதுதான் தொடங்கியது. விடியலுக்கு முன் உணவு வந்து சேர்வது அங்கே பெரிய விஷயம். மருத்துவம் படித்து முடித்திருந்த, வங்கமொழி தெரிந்த ஒரு இளம்பெண், நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வங்கமொழியில் ஆக்கி மருத்துவர்களுக்காக ஓர் இணையதளமே அமைத்தார். தனக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதைத் தன் மொழியில் கேட்டவனுக்குப் பாதி பயம் போய்விடும்.

ஆனால் அந்தப் பேச்சாளர் பார்க்கத் தவறியது வேறொன்று. இந்தத் தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே ஒரு சமூகம் இருந்தது. யாரும் நிதி ஒதுக்கி உண்டாக்கியதல்ல, அவர்களே உண்டாக்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் தேக்கா என்று சொல்லும் பக்கம் போயிருந்தால் உங்களுக்குத் தெரியும். ரேஸ் கோர்ஸ் சாலை ஓரத்துப் புல்தரையில் ஊர்வாரியாக வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பணம் அனுப்புவது, முடி வெட்டிக்கொள்வது, சீட்டுப் பணம் கட்டுவது, ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டுக்கொள்வது, வீரமாகாளியம்மன் கோவிலில் ஒரு கும்பிடு, நல்ல வேலை எந்தக் கம்பெனியில் என்ற விசாரணை. இரண்டு வாரம் ஒருவன் வரவில்லை என்றால் நாலு பேர் போன் செய்வார்கள். அதைவிட நல்ல மனநல ஏற்பாட்டை எந்த நிபுணரும் வரைந்து தந்துவிட முடியாது.

அதுதான் முதலில் வெட்டப்பட்டது; கடைசியாகத்தான் திரும்பக் கிடைத்தது. 2020 ஜூனில் சிங்கப்பூர் நகரம் உணவகங்களைத் திறந்துவிட்டது. விடுதிக்காரர்களுக்கு வேலையிடம், விடுதி, பிறகு பொழுதுபோக்கு மையம், அவ்வளவே. 2021 செப்டம்பரில்தான், தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை, சில மணி நேரத்துக்கு மட்டும் லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்குச் சோதனை முறையில் அனுப்பப்பட்டார்கள். விடுதியைவிட்டு வெளியே போக அனுமதி கேட்க வேண்டாம் என்ற நிலை 2022 ஜூனில் வந்தது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போக அனுமதி வாங்க வேண்டியிருந்தது! முதல் சில மாதங்களின் அடைப்புக்கு மருத்துவக் காரணம் இருந்தது. நகரம் திறந்த பின்னும் அது நீண்டதற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. பலருக்கு மனம் நொந்தது அந்த நீட்சியில்தான் என்று நினைக்கிறேன்.

ஆலோசகர்களை நான் ஒதுக்கவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவ 2006 முதல் இயங்கும் ஹெல்த்சர்வ் அமைப்பு அந்த நாட்களில் செய்தது உருப்படியான வேலை. விடுதிகளில் தற்கொலை முயற்சிகள் செய்தியான பிறகு, 2020 நவம்பரில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் தொழிலாளர்களின் மனநலத்துக்கென்று ஒரு பணிக்குழுவையும் அமைத்தது. ஆனால் முதலாளி நினைத்தால் பெர்மிட்டை ரத்து செய்யலாம் என்ற நிலையில் இருப்பவன், 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்று ஒரு அதிகாரியிடமா போய்ச் சொல்வான்? பக்கத்துக் கட்டில்காரனிடம் சொல்வான். பிறகு தொழிலாளர்களையே, உடனிருப்பவர்களின் மனக்குறை கேட்கும் துணையாளர்களாகப் பயிற்றுவித்தது அதனால்தான் சரியான காரியம். அது முன்பே நடந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் அண்ணன். அவர் பேசாமலிருப்பதையே நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். மனம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். அவர் மறுபடி எழுந்துதான் போவார். அறையில் யார் யார் இருந்தார்கள், யார் சமைப்பார், யாருடைய குறட்டை தாங்கமுடியாது என்று கேளுங்கள். அந்த அறைக்காரர்களில் ஓரிருவர் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கமே இருக்கக்கூடும். ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். பேச்சு தொடங்கியதும் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள்.

தூக்கம் கெட்டிருந்தாலோ, குடி கூடியிருந்தாலோ மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்பது போலப் பேசினால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அவர் மறுபடி போவதாக இருந்தால், ஏஜெண்டுக்கான பணத்தை வட்டிக்கு வாங்கவிடாதீர்கள். ஏஜெண்ட் இல்லாமல் நேரடியாக வேலை கிடைக்குமா என்று அந்தப் பழைய அறைக்காரர்களிடமே விசாரிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.