அந்தக் காகிதத்தில் இருப்பது என்ன?

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் தம்பி, எல்எஸ்டி என்ற போதைப்பொருள் என்று யாரோ கொடுத்த காகிதத்தை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறான். திட்டினேன். "இந்த மாதிரிப் பொருள் எல்லாமே 5-எச்டி2ஏ என்ற ஒரே செரட்டோனின் ஏற்பியில்தான் வேலை செய்கின்றன, எல்எஸ்டியால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, நீ படித்துப் பார்" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பி படித்திருக்கிறார், அதனால் வெறுமனே பயமுறுத்தினால் கேட்க மாட்டார். அவர் சொல்வதில் பாதி சரிதான். (ஏற்பி என்பது, செரட்டோனின் போல உடம்பில் செய்தி கடத்தும் வேதிப்பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடம்.) 1943-இல், எல்எஸ்டியை முதலில் தயாரித்த வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 250 மைக்ரோகிராம் எல்எஸ்டியை விழுங்கிவிட்டுச் செத்துவிடுவோம் என்றே நடுங்கினார், ஆனால் மருத்துவர் வந்து பார்த்தபோது விரிந்த கண்பாவையைத் தவிர உடம்பில் கோளாறு எதுவும் தெரியவில்லை. சரி, ஆனால் ஹாஃப்மன் குடித்தது அவரே தயாரித்து அவரே அளந்தது. உங்கள் தம்பி நாக்கில் வைத்தது என்ன என்று அவருக்குத் தெரியுமா?

2003-இல் பெர்லினில் ரால்ஃப் ஹைம் என்ற வேதியியலாளர், இதே ஏற்பியை ஆராய்வதற்கென்று 25ஐ-என்பிஓஎம்இ என்ற சேர்மத்தை விவரித்தார். ஆய்வுக்கூடத்துக்கான கருவி அது, மனிதர் விழுங்குவதற்கு அல்ல. சில ஆண்டுகளில் அது தெருவுக்கு வந்து, எல்எஸ்டி என்ற பெயரிலேயே காகிதத்தில் விற்கப்பட்டது. எல்எஸ்டி அந்த ஏற்பியைப் பகுதியளவில்தான் தூண்டும், இது அதைவிட மிகக் கடுமையாகத் தூண்டும். அப்புறம், அந்த ஏற்பி மூளையில் மட்டும் இருப்பதில்லை, இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் இருக்கிறது. குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது, வலிப்பு வருகிறது, உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் உயர்ந்து தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கப்படுகிறது. இதனால் இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள். அதாவது "ஒரே ஏற்பி" என்று அவர் எதை ஆறுதலாகச் சொல்கிறாரோ, இங்கே ஆளைக் கொல்வதும் அதே ஏற்பி வழியாகத்தான்.

ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே வேலை செய்யும் பொருளைக் கரைத்துக் காகிதத்தில் ஊற்றினால் எல்லா இடத்திலும் சமமாகப் படியாது, அதனால் ஒரே தாளில் கிழித்த இரண்டு துண்டுகளில்கூட அளவு வேறுபடலாம். காகிதத்தைச் சோதிக்கும் எர்லிக் என்ற கரைசலில் ஊதா நிறம் வந்தால் போதும் என்றும் சொல்வார்கள். அந்த நிறம், எல்எஸ்டியும் சேர்ந்த இண்டோல் என்ற வேதி வகைப் பொருள் ஏதோ இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும், அளவையோ கூடவே கலந்திருப்பதையோ காட்டாது.

உண்மையான எல்எஸ்டியாகவே இருந்தாலும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். சில காளான்களில் இருக்கும், இதே மாதிரியான சைலோசைபின் என்ற பொருளை வைத்து மருத்துவப் பரிசோதனை நடத்துபவர்களே, குடும்பத்தில் மனச்சிதைவு நோயோ இருமுனைக் கோளாறோ இருப்பவர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. இருமுனைக் கோளாறுக்கான லித்தியம் மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு இந்த மாதிரிப் பொருள்களால் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. உங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால் அதைத் தம்பியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனித் திட்டாதீர்கள், எனக்கு அதுதான் கவலை. திட்டுக்குப் பயந்தே தாமதித்துவிடுவார்கள். உடம்பு கொதித்தாலோ, வெட்டி இழுத்தாலோ, ஆள் தெரியாமல் முரண்டு பிடித்தாலோ தூங்கினால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, உடலைக் குளிர்வித்துத்தான் காப்பாற்றுவார்கள். என்ன எடுத்தார், எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள், காகிதம் மிச்சம் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.