மசாய் மாராவில் மூன்று இரவுகள்: கூடுதல் பணம் எதற்கு?

கேள்வி: ஆகஸ்டில் கோவையிலிருந்து கென்யா செல்கிறோம். நான், கணவர், 9 வயது மகன், 68 வயது அத்தை. மசாய் மாராவில் தங்க ஏஜென்ட் இரண்டு இடங்களைச் சொல்கிறார். ஒன்று, வனவிலங்குக் காப்பகத்துக்குள் நீச்சல்குளத்துடன் கூடிய பெரிய லாட்ஜ். மற்றொன்று, அதை ஒட்டி, கன்சர்வன்சி எனப்படும் தனியார் வனவிலங்கு நிலத்தில் சிறிய கூடார முகாம். விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கூடாரத்துக்கு எதற்கு இவ்வளவு பணம்? சைவம் மட்டுமே சாப்பிடும் அத்தைக்கு அது ஒத்துவருமா?

பதில்: கூடாரம் என்றதும் தயங்க வேண்டாம். இந்த விலையில் கட்டில், மெத்தை, வெந்நீர், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் சுற்றியுள்ள நிலத்துக்குப் போகிறது.

காப்பகத்தின் பரப்பு சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். அதன் எல்லையைத் தாண்டி வடக்கே இருப்பவை மசாய் குடும்பங்களின் சொந்த நிலங்கள். அவற்றை ஒன்றுசேர்த்து முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி, மாரா நார்த் எல்லாம் அப்படி உருவான கன்சர்வன்சிகள். மாதாமாதம் குத்தகைப் பணம் வந்தால்தான் அந்த நிலம் வேலியிட்டுத் துண்டாடப்படாமல் புல்வெளியாகவே நீடிக்கும். முகாம்களின் எண்ணிக்கைக்கு அங்கே வரம்பு உண்டு. ஒரு விலங்கின் அருகில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்க விடுவதில்லை.

ஆகஸ்டில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். சிவிங்கிப்புலி (சீட்டா) பகலில் வேட்டையாடும் விலங்கு. கரையான் புற்றின்மேல் ஏறி நின்று வெகுதூரம் பார்க்கும். கூட்டமான நாளில் காப்பகத்துக்குள் அதைச் சுற்றி வண்டிகள் குவிந்து பார்வையை மறைத்துவிடுகின்றன. பாவம், அது வேட்டையைக் கைவிட்டு எழுந்து போய்விடுகிறது. கன்சர்வன்சியில் வழிகாட்டி எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். இம்பாலா மான் மூக்கால் சீறி எச்சரிக்கும் ஒலி கேட்டால், அந்த மான் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று கவனித்து வண்டியைத் திருப்புவார். பாதையை விட்டு இறங்கவும், இருட்டிய பிறகு சுற்றவும் அங்கே அனுமதி உண்டு. காப்பகத்துக்குள் மாலையோடு உலா முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் கன்சர்வன்சியில் கிடைக்காது. வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்களின் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் புகழ்பெற்ற துறைகள் காப்பகத்துக்குள்தான் இருக்கின்றன. அதைப் பார்க்க ஒரு முழுநாளை ஒதுக்கி, தனிக் கட்டணம் செலுத்திப் போக வேண்டும். ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர். இங்கேதான் ஏஜென்ட் சொன்ன மலிவு விலையைச் சரிபார்க்க வேண்டும். காப்பகத்துக்குள் தங்கினால் மூன்று பெரியவர்களுக்கு மூன்று நாளைக்கு 1,800 டாலர் ஆகிவிடும். மகனுக்கான கட்டணம் வேறு. அது விலையில் அடங்கியிருக்கிறதா? கன்சர்வன்சிக் கட்டணமும் அப்படியே. இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகே விலைகளை ஒப்பிடுங்கள். பல நேரங்களில் இடைவெளி நன்றாகவே சுருங்கிவிடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கன்சர்வன்சியையே எடுப்பேன். பெரிய கூடாரம் கேட்க மாட்டேன். அந்தப் பணத்தில் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒரு வண்டி கேட்பேன். அத்தைக்கு இடையில் ஓய்வு வேண்டும், மகனுக்குப் பசிக்கும். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே வண்டியில் போனால் எல்லோருக்கும் சங்கடம். வண்டியின் படி உயரமானது, ஏறுவதற்கு முக்காலி வைக்கச் சொல்லுங்கள். பின்வரிசைதான் அதிகம் தூக்கிப்போடும், அதனால் அத்தை ஓட்டுநருக்கு அடுத்த வரிசையில் உட்காரட்டும். விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டரும் காதுமூடும் குல்லாவும் கட்டாயம் வேண்டும்.

பெரும்பாலான முகாம்களுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு அஸ்காரி எனப்படும் காவலர் துணையின்றி ஓரடிகூட வெளியே வைக்கக் கூடாது. மகனிடம் இதை இங்கேயே கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். சிறுவர்களுக்கான வயது வரம்பு முகாமுக்கு முகாம் மாறும், கேட்டுவிடுங்கள். உணவைப் பற்றிக் கவலையே வேண்டாம். கென்யாவில் சப்பாத்தி அன்றாட உணவு, இந்தியச் சமையலும் அந்த நாட்டுக்குப் புதிதல்ல. முட்டை சேர்க்கலாமா கூடாதா என்பதை மட்டும் முன்பதிவிலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறுவிமானத்தில் செல்வதானால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். பருப்புப் பொடியை பிளாஸ்டிக் கேரி பையில் சுற்றாதீர்கள். அந்தப் பைகளுக்கு 2017 முதலே கென்யாவில் தடை.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கென்யாவிலிருந்து திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். முன்பணம் கட்டுவதற்கு முன்பே அத்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேளுங்கள். ஊசி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் கென்யாவை விட்டுவிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் தனியார் காப்பகத்தைப் பாருங்கள். சிறுத்தைக்குப் பெயர்போன இடம் அது. தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இல்லை. நைரோபி, அடிஸ் அபாபா வழியாகச் செல்லாத விமானமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.