மேளம் கேட்கும் வாசகருக்கு

கேள்வி: ஜெர்மனியில் டார்ட்மண்ட் காற்பந்து அணியின் ரசிகர்கள் ஒரு பக்கக் கேலரியையே மூடும் அளவுக்குப் பதாகை விரிக்கிறார்கள், மேளம் அடிக்கிறார்கள், ஆட்டம் முழுக்கப் பாடுகிறார்கள். சிங்கப்பூரில் அந்த மாதிரி எப்போது வரும்? கூடவே, இந்த முறை பிரிமியர் லீக் கிண்ணம் யாருக்கு?
- ஒரு வாசகர், ஈசூன்

பதில்: மேளம் என்றீர்களே, அதைப் பிடித்துக்கொள்கிறேன். 1973-இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறந்தது. 55,000 பேர் தொண்டை கிழியக் கத்தலாம், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிக்குத் தடை வந்ததும் அதே 1973-இல்தான். கோஷ்டிகளுக்குள் அடிதடி நடந்தது என்று காரணம் சொன்னார்கள். அடிதடிக்குப் பயந்து நிறுத்துவதென்றால் உலகத்தில் முதலில் நிறுத்தவேண்டியது காற்பந்தைத்தான்! 2016-இல் ஒருவழியாகச் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இது என் பழைய புலம்பல். கேட்டுச் சலித்தவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.

சரி, டார்ட்மண்ட். அங்கே தெற்குக் கேலரியில் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள் என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான். பதாகை விரியும்போது அடியில் நிற்பவருக்குத் தெரிவது துணியின் பின்பக்கமும் காய்ந்த பெயின்ட் வாசமும். படம் எதிர்க்கேலரிக்கும் தொலைக்காட்சிக்கும். இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒலிபெருக்கியோடு முன்னால் நின்று பாட்டை எடுத்துக்கொடுப்பவர் கதை இன்னும் மோசம். முக்கால்வாசி நேரம் மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்பார். கோல் விழுந்ததை எதிரே இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். துணிக்கும் பெயின்டுக்கும் காசு போடுவது ரசிகர்கள், ராத்திரி கண்விழித்து வரைவதும் அவர்களே.

நமக்கும் கூட்டமாகக் கையைத் தூக்கத் தெரியாதா என்ன? தேசிய தின அணிவகுப்பில் பையிலிருந்து விளக்கை எடு என்றால் எடுப்போம், ஆட்டு என்றால் ஆட்டுவோம், காலாங் அலை என்றால் எழுந்து உட்காருவோம். மேடையிலிருந்து யாராவது சொல்லவேண்டும், அவ்வளவுதான். பை இலவசமாகவும் இருக்கவேண்டும்.

ஆனால் யாரும் சொல்லாமலே கத்திய காலமும் இருந்தது. 1977-இல் சமது அல்லாப்பிச்சை தலைமையில் மலேசியக் கிண்ணத்தை வென்றபோதும், பின்னாளில் சுந்தரமூர்த்தி பந்தை வைத்துக்கொண்டு நாலு பேரைச் சுற்றவிட்டபோதும் காலாங்கில் பதாகை எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. 'ரெஃப்ரி காயு!' என்று மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே குரலில் நடுவரை மரக்கட்டை ஆக்குவார்கள். 1994 இறுதி ஆட்டத்துக்கு ஷா ஆலாமுக்குச் சிவப்புச் சட்டையோடு பஸ் பஸ்ஸாகப் போனார்கள், பகாங்கை 4-0 என்று அடித்துவிட்டுத் திரும்பினார்கள். அதோடு மலேசிய லீக்கை விட்டு விலகினோம், கூட்டமும் கலைந்தது. 1996-இல் சொந்த லீக் வந்தது. கூட்டம் ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து லிவர்பூலுக்காக அழப் போய்விட்டது.

ஆகவே எப்போது வரும் என்று கேட்காதீர்கள். ஹவ்காங் அணியின் 'ஹூல்ஸ்' கூட்டம் பல வருடமாகப் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. ஜாலான் புசார் அரங்கத்துக்குத் தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். வெறும் 6,000 இடம்தான், அதிலும் பாதி உங்களுக்காகக் காத்திருக்கும்.

ரசிகர்கள் என்றால் எனக்கு 2024 ஜூன்தான் ஞாபகம் வருகிறது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், பாங்காக்கில் தாய்லாந்திடம் 3-1 என்று தோற்றோம். நம் கோல்காப்பாளர் ஹசன் சன்னி 11 பந்துகளைத் தடுத்ததால் இன்னொரு கோல் விழவில்லை, அதனால் தாய்லாந்துக்குப் பதிலாகச் சீனா அடுத்த சுற்றுக்குப் போனது. மறுநாளே சீன ரசிகர்கள் தெம்பனிஸில் அவருடைய நாசி லெமாக் கடையைத் தேடிப் பிடித்து வரிசை கட்டிவிட்டார்கள். சாப்பாடு தீர்ந்துபோனது. வர முடியாதவர்கள் கடையின் கியூஆர் கோடு வழியாகப் பணம் அனுப்பினார்கள், போதும் நிறுத்துங்கள் என்று அவரே கெஞ்சவேண்டியதாயிற்று. இந்த நாட்டுக்காக நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடிய மனிதர் அவர். அதற்கு முன்பு நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கடை எந்த புளோக்கில் இருக்கிறது என்று தெரியும்? எனக்குச் சம்பல் கொஞ்சம் காரமாக இருக்கவேண்டும், வேர்க்கடலை நமத்துப்போயிருக்கக் கூடாது. அது வேறு விஷயம்.

பிரிமியர் லீக் கிண்ணம் யாருக்கு என்ற கேள்வியை ராசிபலன் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன்.