குதிரை மேயும் கொறங்காட்டுக்கு மின்வேலி: கருவி, நாடா, எர்த்

கேள்வி: தாராபுரம் பகுதியில் இரண்டு ஏக்கர் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) மூன்று மார்வாரிப் பெட்டைக் குதிரைகளையும் ஒரு குட்டியையும் மேய்க்கிறேன். கிளுவை வேலி பட்டுப்போன இடங்களில் கட்டிய முள்கம்பியில் குதிரைகள் அடிக்கடி காயப்படுகின்றன. லாயத்தில் வீட்டு மின் இணைப்பு இருக்கிறது. அதைக் கொண்டு மின்வேலி அமைக்கலாமா? எந்தக் கருவி, எந்தக் கம்பி வாங்குவது? குட்டிக்கு ஆபத்து உண்டா?

பதில்: தாராளமாக அமைக்கலாம். ஆனால் வீட்டு மின்சாரம் வேலியை இயக்கும் கருவிக்குத்தான் போக வேண்டுமே தவிர, வேலிக் கம்பிக்கு ஒருபோதும் நேரடியாகப் போகக் கூடாது. இடையில் குண்டு பல்பைப் போட்டுவிட்டால் பயமில்லை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்; அது மனிதரையும் மாட்டையும் கொல்லும், சட்டப்படி குற்றமும் ஆகும். கடைகளில் எனர்ஜைசர் என்று கேட்டு வாங்கும் கருவி, சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகக் குறைவான நேரமே நீடிக்கும் துடிப்பைத் தருகிறது. வோல்ட் அளவு ஆயிரக்கணக்கில் இருந்தாலும், துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி இருப்பதால் தொட்டவர் விலகிக்கொள்ள முடிகிறது. தரச்சான்று உள்ள கருவியையே வாங்குங்கள்.

உங்கள் இரண்டு ஏக்கர் ஏறக்குறைய சதுரமாக இருந்தால் சுற்றளவு 360 மீட்டர் அளவில் வரும். மூன்று வரிசை கட்டினால் மொத்த நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். இதற்கு ஒன்று முதல் இரண்டு ஜூல் வெளியீடு (ஒரு துடிப்பில் வரும் ஆற்றல்) உள்ள கருவி போதும். விற்பவர் பெரிய கருவியைக் காட்டினால், அந்தப் பணத்தை எர்த்துக்கும் (கருவியோடு இணைத்து மண்ணில் அடிக்கும் கம்பிகள்) நல்ல இன்சுலேட்டருக்கும் (கம்பத்துக்கு மின்சாரம் கசியாமல் தடுக்கும் பிடிப்பான்) செலவிடுவதே என் பரிந்துரை. மின்தடையின்போது 12 வோல்ட் பேட்டரிக்கு மாறும் வசதி இருந்தால் நல்லது. கருவி 10 வாட் இழுத்தாலும் இரண்டு மாதத்துக்குச் சுமார் 15 யூனிட்தான் ஆகும் என்பதால், பம்ப்செட்டுக்கான இலவச இணைப்பிலிருந்து எடுக்கும் எண்ணமே வேண்டாம்.

பெரும்பாலான மின்வேலிகள் தோற்பது எர்த்தில்தான். உங்கள் பகுதியின் காய்ந்த செம்மண்ணிலும் சரளையிலும் இது இன்னும் முக்கியம். குதிரையின் உடல் வழியாகத் தரையில் இறங்கும் மின்சாரம் மண் வழியே கருவிக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி உறைக்கும். கோடையில் மண்ணும் காய்ந்து குளம்பும் காய்ந்திருக்கும்போது, எவ்வளவு பெரிய கருவியானாலும் குதிரை வேலியை மதிக்காது. எனவே துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிகள் மூன்றை, ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை ஆழம் இறங்கும்படி, மூன்று மீட்டர் இடைவெளியில் அடித்து ஒன்றோடொன்று இணையுங்கள். தண்ணீர்த் தொட்டி வழிந்து ஈரம் நிற்கும் இடம் கருவியிலிருந்து சற்றுத் தள்ளியிருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். வீட்டு மின் இணைப்பின் எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் விலகியிருக்க வேண்டும். சோதிக்கும் முறை எளிது. கருவியிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால், கருவியை நிறுத்திவிட்டு, சில இரும்புக் கம்பிகளை வேலியின் மீது சாய்த்துத் தரையில் ஊன்றி, பிறகு கருவியை இயக்கி வேலியின் மின்னழுத்தம் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். அந்த நிலையில் கடைசி எர்த் கம்பிக்கும் ஒரு மீட்டர் தள்ளி அடித்த ஆணிக்கும் இடையே 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இன்னும் கம்பிகள் தேவை. இதற்கு மின்வேலிக்கென்றே விற்கும் மீட்டர் வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் கெட்டுவிடும்.

அப்படியும் கோடையில் அதிர்ச்சி குறைந்தால், மூன்று வரிசைகளில் நடுவரிசையை எர்த்தோடு இணைத்து, மேல்வரிசையிலும் கீழ்வரிசையிலும் மட்டும் மின்சாரம் விடுங்கள். வரிசைகளுக்கு நடுவே தலையை நுழைத்து மின்வரிசையையும் எர்த் வரிசையையும் ஒருசேரத் தொடும் குதிரை, மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் அதிர்ச்சியை உணரும்.

முள்கம்பியை முழுவதும் அகற்றிவிடுங்கள். அதில் ஒருபோதும் மின்சாரம் விடக் கூடாது. மெல்லிய எஃகுக் கம்பியும் குதிரைக்கு ஏற்றதல்ல, ஏனெனில் மிரண்டு ஓடும் குதிரையின் கண்ணுக்கு அது படாது, காலில் சுற்றினால் தோலை உரித்துவிடும். 40 மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளை மின்நாடா (மெல்லிய உலோக இழைகள் சேர்த்து நெய்த பிளாஸ்டிக் நாடா) நன்றாகத் தெரியும். ஆனால் ஆடிக் காற்று உங்கள் பக்கம் எப்படி வீசும் என்பது உங்களுக்கே தெரியும், நாடா அதில் படபடத்து சீக்கிரம் நைந்துவிடும். ஆகவே மேல்வரிசைக்கு மட்டும் நாடாவும், மற்ற இரண்டுக்கும் அதேபோல் உலோக இழை சேர்த்த மின்கயிறும் என்று கலந்து கட்டலாம். தரையிலிருந்து 50, 90, 130 சென்டிமீட்டர் உயரங்கள் உங்கள் குதிரைகளுக்கும் குட்டிக்கும் பொருந்தும். கல்லுக்காலில் கட்டினாலும் இன்சுலேட்டர் இல்லாமல் கட்டாதீர்கள். மழையில் நனைந்த கல் மின்சாரத்தைக் கசியவிடும். லாயத்திலிருந்து வேலிவரையிலும் வாசலுக்கு அடியிலும் மின்வேலிக்கான உயர் மின்னழுத்தக் கேபிளே வேண்டும். வீட்டு வயர் தாங்காது.

மின்வேலி குதிரையின் மனதில் பயத்தை உண்டாக்கும் தடையே தவிர, உடலைத் தடுக்கும் சுவர் அல்ல. எனவே சாலையை ஒட்டிய பக்கம் கிளுவையைப் புதுப்பித்து வெளிவேலியாக வைத்துக்கொண்டு, ஒரு மீட்டர் உள்ளே மின்வேலியை அமையுங்கள். வழிப்போக்கர் வரக்கூடிய பக்கங்களில் எச்சரிக்கைப் பலகை கட்டாயம். இடி மின்னல் நேரத்தில் கருவியின் பிளக்கையும் வேலி இணைப்பையும் கழற்றிவிடுவது நல்லது. நிலம் காப்புக்காட்டை ஒட்டியிருந்தால், மின்வேலிக்காகத் தமிழ்நாடு அரசு 2023-இல் கொண்டுவந்த விதிகள் பொருந்துமா என்று வனத்துறையிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டியைப் பொறுத்தவரை, தரமான கருவியின் துடிப்பு அதற்கு வலிக்குமே தவிர, பொதுவாகத் தீங்கு செய்யாது; நாடாவில் சிக்கிக்கொண்டு மீள முடியாமல் கிடப்பதே ஆபத்து. ஆகவே நாடாவைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, முதல் சில நாள் பகலில் மட்டும், தாயோடு, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது விடுங்கள். கயிற்றைப் பிடித்து வேலியருகே கொண்டுபோய்த் தொடவைக்க வேண்டாம். அதிர்ச்சி தந்தது நீங்கள்தான் என்று குதிரை நினைத்துக்கொள்ளும்.