காவிரியில் தூண்டில் போட எப்போது போகலாம்? தண்ணீர் எவ்வளவு இருக்க வேண்டும், முதலை, யானை பயம் உண்டா?

நண்பர்கள் நான்கு பேர், இரண்டு நாள், ஒகேனக்கல்லுக்கும் மேட்டூருக்கும் இடையில் எங்காவது. எந்த மாதம் சரி, தண்ணீர் எவ்வளவு இருந்தால் மீன் கடிக்கும், மிருகங்களால் தொல்லை வருமா என்பது உங்கள் கேள்வி. ஒரே மாதம் சொல் என்றால் ஜனவரி என்பேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தண்ணீர், மீன், மிருகம் மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பவர்கள்தான் இந்த ஆற்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் இடம். ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள காட்டில் பெரும்பகுதி இப்போது சரணாலயம். கர்நாடகக் கரையில் காவிரி வனவிலங்கு சரணாலயம். நம் கரையில் 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று இரண்டு அறிவித்துவிட்டார்கள். அதற்குள் கூடாரம் அடித்துத் தூண்டில் போடலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். யூடியூபில் மாசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடிக்கும் பழைய வீடியோ பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் நிறையப் பேர். கர்நாடகத்தில் பீமேஸ்வரிப் பக்கம் மீன்பிடி முகாம்கள் இருந்த காலம் போய்விட்டது. அந்தத் திமில் மாசீர் 2018-லிருந்து உலக அளவில் மிக அபாய நிலைப் பட்டியலில் இருக்கிறது. எங்காவது தப்பித்தவறி உங்கள் முள்ளில் மாட்டினால், தண்ணீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

அப்படியானால் மிஞ்சுவது இரண்டு இடம். ஒன்று மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு, பண்ணவாடி, கோட்டையூர் பக்கம். அங்கே உரிமம் வாங்கிப் பரிசலில் வலை போடும் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்து, முறையாக அனுமதி கேட்டு, அவர் காட்டும் கரையில் உட்காருங்கள். இரண்டாவது அணைக்குக் கீழே கதவணைகள் இருக்கும் பகுதி: செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, பூலாம்பட்டி. தண்ணீர் தேங்கி நிற்கும், கரையில் ஊர் இருக்கும், டீக்கடை இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போது தண்ணீர். இந்த ஆற்றுக்கு நம்மூர் வானத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. தருமபுரியில் வெயில் மண்டையைப் பிளக்கும், அதே நாளில் அருவியே தெரியாமல் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். குடகிலும் வயநாட்டிலும் பெய்வது கிருஷ்ணராஜசாகரிலும் கபினியிலும் சேர்ந்து, அங்கே திறந்துவிட்டால் ஒன்றரை, இரண்டு நாளில் தமிழக எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவுக்கு வந்து சேரும். மத்திய நீர்வள ஆணையம் அளப்பது அங்கேதான். செய்தியில் ‘ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி’ என்று தினமும் காலையில் வரும். ஆனால் அது வந்துவிட்ட தண்ணீர். வரப்போகும் தண்ணீரைத் தெரிந்துகொள்ள அந்த இரண்டு அணைகளின் நீர் திறப்பைப் பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே இரண்டையும் பார்த்து வாருங்கள். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, ஏறுகிறதா, இறங்குகிறதா, நிலையாக நிற்கிறதா என்பதுதான் கணக்கு.

எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு ஒரு உதாரணம். 2024 ஜூலை முதல் பாதியில் மேட்டூர் அணை ஐம்பது அடிக்கும் கீழே கிடந்தது. ஜூலை 30 அன்று முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டுவிட்டது. முந்தின வாரம் நீங்கள் உட்கார்ந்த பாறை அடுத்த வாரம் எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை இந்த ஆட்டம் எப்போது வேண்டுமானாலும் நடக்கும். புதுத்தண்ணீரில் மீன் ஏறும் என்பது உண்மை. கெண்டை வகைகள் முட்டையிட மேலே ஏறும் காலம் அது. அதனாலேயே அப்போது பிடிக்க எனக்கு மனசு வராது. கலங்கல் தண்ணீரில் தூண்டிலுக்குப் பெரிதாக எதுவும் சிக்காது என்பது வேறு விஷயம்.

கரையில் இருக்கும்போது ஏறுமுகத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள், அடிக்கடி பாருங்கள். குச்சியைவிட முன்னாடியே சொல்லிவிடுவது குப்பை. தண்ணீர் ஏறும்போது கரையில் காய்ந்து கிடந்த சருகு, புல், சுள்ளி எல்லாவற்றையும் கிளப்பிக்கொண்டு வரும். சும்மா ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் திடீரென்று சருகும் நுரையும் கோடாக மிதந்து வந்தால், தக்கை ஆடினாலும் பார்க்க வேண்டாம், சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். கதவணைப் பகுதியில் மதகைத் திறந்தாலும் இதே கதைதான். கதவணைக்கு நேர் கீழே பாறையில் இறங்கி உட்காரவே கூடாது. மீன் அங்கேதான் நிறைய என்று உள்ளூர்ப் பையன்கள் ஆசை காட்டுவார்கள்.

சரி, கோடைக்குப் போகலாமே, தண்ணீர் குறைவு, மீன் எல்லாம் மடுவில் ஒதுங்கி நிற்குமே என்று தோன்றும். மீன் ஒதுங்குவது நிஜம்தான். ஆனால் அந்த மடுவை நம்பித்தான் மற்ற எல்லா உயிரும் இருக்கிறது. காட்டுக்குள் குட்டைகள் வற்றியதும் யானைகள் ஆற்றுக்கு இறங்கும். முதலைக்கும் மிஞ்சியது அந்த மடுதான். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அது கரை மணலில் முட்டையிட்டுக் காவல் இருக்கும் காலமும்கூட. இன்னொன்று, வெயில் காலத்தில் மீன் கடிப்பது விடியலிலும் அந்தியிலும். யானை தண்ணீருக்கு வருவதும் அதே நேரம், முதலை இரை தேடக் கிளம்புவதும் அதே நேரம். மீன் கிடைக்கிற மணியும் மாட்டிக்கொள்கிற மணியும் ஒன்றாகிவிடும்.

ஜனவரி என்று சொன்னது இதனால்தான். வடகிழக்குப் பருவமழை முடிந்து காட்டுக்குள் தண்ணீர் இருக்கும், யானைக்கு ஆற்றை விட்டால் கதியில்லை என்ற நிலை வராது. மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் திறந்திருக்கும். நீர்மட்டம் மெதுவாக, ஒழுங்காக இறங்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். விடியலில் குளிருக்கு மீன் மந்தமாகக் கிடந்து, வெயில் ஏறி பத்து மணிக்கு மேல்தான் கடிக்க ஆரம்பிக்கும். பகல் பத்திலிருந்து மூன்று வரை தூண்டில் போட்டுவிட்டு வெளிச்சத்திலேயே ஊருக்குத் திரும்பலாம். குளிர் காலத்தில் முதலையும் வெயில் காய மேலே ஏறிப் படுக்கும், எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற முதலையால் அவ்வளவாகப் பயமில்லை.

தெரியாத முதலைக்குத் தடம் பாருங்கள். அணை இறங்கும்போது கரையில் அகலமாக ஈரச் சேறு விடும். முதலை ஏறி இறங்கிய இடத்தில் நடுவே வால் இழுத்த ஒற்றைக் கோடு, இரண்டு பக்கமும் விரல் விரித்த கால் தடம் இருக்கும். கோட்டின் விளிம்பு காய்ந்து வெடித்திருந்தால் பழசு. சேறு மழமழவென்று ஈரத்தோடு தண்ணீருக்குள் சறுக்கியிருந்தால், உங்கள் சத்தம் கேட்டுத்தான் உள்ளே போயிருக்கிறது. அந்த இடத்தை விட்டு நகருங்கள். மற்றபடி முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் போடாதீர்கள். பிடித்த மீனைக் கோர்த்துத் தண்ணீரில் கட்டிப் போடாதீர்கள். விளிம்பில் மீன் கழுவிக் குடலை அங்கேயே வீசாதீர்கள், முதலையைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குச் சமம்.

நீர்நாய் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கூட்டமாக வரும், கீச்சுக்கீச்சென்று சத்தம் போடும், அரை மணி நேரத்துக்கு அந்த மடுவில் ஒரு மீனும் உங்களுக்குச் சிக்காது. மீனவர்கள் வலையைக் கிழிக்கிறது என்று திட்டுவார்கள். நான் தூண்டிலை வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பேன், நல்ல பொழுதுபோக்கு.

யானை விஷயத்தில் ஆபத்து ஆற்றங்கரையைவிடச் சாலையில் அதிகம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலையை இருட்டில் பைக்கில் கடக்க வேண்டாம். பகலிலேயே இறங்கி, இரவு ஊருக்குள் அறை எடுத்துத் தங்குங்கள்.

சாமானுக்குப் பெரிய செலவு தேவையில்லை. கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் மண்புழுவும் கோதுமை மாவும் போதும், பெரிய கெண்டைக்கு ராகி உருண்டை கட்டிப் போடுங்கள். தேதியை மட்டும் முன்கூட்டிக் கெட்டியாக வைக்காதீர்கள். ஜனவரியில் அடுத்தடுத்து இரண்டு வார இறுதியைக் காலியாக வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை திறப்பு விவரத்தைப் பாருங்கள். பரிசல்காரருக்கு ஒரு போன் போட்டு, “அண்ணா, தண்ணி எறங்குதா, நிக்குதா?” என்று கேளுங்கள். நிற்கிறது, மெதுவாக இறங்குகிறது என்றால் வெள்ளி இரவு கிளம்புங்கள். ஏறுகிறது என்றால் அடுத்த வாரம்.