பழைய சுழல்விளக்கு, சைரன், மணி: எந்த வருஷத்துப் பொருள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போலீஸ் கார், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றின் பழைய விளக்கு, சைரன் சேர்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் எல்லோரும் கேட்பது வருஷத்தைத்தான். ஒற்றை வருஷமாகச் சொல்ல முடிவது அபூர்வம். ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது, இதற்குப் பின்னால் இருக்க வாய்ப்புக் குறைவு’ என்று இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வர வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் மூலம் ‘பீக்கன் ரே’ சுழல்விளக்கு ஒன்று வாங்கினேன். 1948-ல் செய்தது என்கிறார் விற்றவர். தகட்டில் ‘ஃபெடரல் சைன் அண்ட் சிக்னல் கார்ப்பரேஷன்’ என்று இருக்கிறது. நம்பலாமா? (கோவை வாசகர்)

நம்ப வேண்டாம். 1948 என்பது பீக்கன் ரே மாடல் 17 சந்தைக்கு வந்த வருஷம். உங்கள் விளக்கு செய்யப்பட்ட வருஷம் வேறு. இந்த இரண்டையும் குழப்பி விலையை ஏற்றுவது விற்பவர்களின் பழைய வழக்கம். சிகாகோவில் 1901-ல் ஃபெடரல் எலெக்ட்ரிக் என்று தொடங்கிய கம்பெனி அது. உங்கள் தகட்டில் உள்ள பெயருக்கு 1955-ல்தான் மாறியது. எழுபதுகளின் நடுவில் ‘சைன்’ கழன்று ‘ஃபெடரல் சிக்னல்’ ஆகிவிட்டது. ஆக, இருபது வருஷ இடைவெளிக்குள் வந்துவிட்டோம்.

இனி அதே தகட்டில் முகவரியைப் பாருங்கள். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் கோடு 1963 ஜூலையில்தான் வந்தது. அது இருந்தால் விளக்கு அதற்குப் பிந்தையது, சந்தேகமே இல்லை. இல்லையென்றால் முந்தையது என்று மட்டும் அடித்துச் சொல்லிவிடாதீர்கள். அச்சடித்து வைத்த தகடு தீரும்வரை எந்தக் கம்பெனியும் புதுசு அடிக்காது. 1943 முதல் 1963 வரை பெரிய நகரங்களுக்கு ஓரிரு இலக்க மண்டல எண் இருந்தது. ஊர்ப்பெயருக்குப் பின்னால் ‘சிகாகோ 20’ என்ற பாணியில் எண் வந்தால் அது நல்ல அடையாளம்.

அப்புறம், தகடு அந்த விளக்குடையதுதானா? ரிவிட் கழற்றப்பட்ட தடம், தகட்டுக்கு அடியில் வேறு அளவில் பழைய ஓட்டை, சுற்றிலும் பெயின்ட் நிறம் மாறியிருப்பது, இவற்றையெல்லாம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று உடைந்த விளக்குகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பது சர்வசாதாரணம். தொழிற்சாலையிலேயே பொருத்தியவற்றில் எது கடைசியாக வந்த பாகமோ, அதைவிட மொத்த விளக்கு பழையதாக இருக்க முடியாது.

பேட்டன்ட் எண்ணை வைத்து வருஷம் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே? (மதுரை வாசகர்)

கண்டுபிடிக்கலாம், ஒரு பக்கம் மட்டும். அமெரிக்க பேட்டன்ட் வரிசையில் 20 லட்சமாவது எண் 1935-லும், 30 லட்சமாவது 1961-லும், 40 லட்சமாவது 1976 டிசம்பர் கடைசியிலும் வழங்கப்பட்டன. உங்கள் எண் 27 லட்சத்தில் தொடங்கினால் ஐம்பதுகளின் நடு என்று மனக்கணக்கிலேயே தெரியும். ஆனால் அந்த எண்ணை வருஷக்கணக்கில் தொடர்ந்து அச்சடித்திருப்பார்கள். பல எண்கள் இருந்தால் ஆகப் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு முன்னால் ‘டிசைன்’ என்பதன் சுருக்கம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அது தனி வரிசை.

கியூ2பி சைரன் கைக்கு வந்திருக்கிறது. வருஷம் தெரியவில்லை. கார் பேட்டரியில் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாமா? (டொரன்டோ வாசகர்)

கியூ2பி என்பது அதே ஃபெடரல் கம்பெனி தீயணைப்பு வண்டிகளுக்குச் செய்யும் மோட்டார் சைரன். இந்த சைரனை உருவத்தை வைத்து எடை போடாதீர்கள். கியூ2பி இன்றைக்கும் உற்பத்தியில் இருக்கிறது. பளபளக்கும் குரோம் முகத்தைப் பார்த்து ‘ஐம்பதுகள்’ என்று மயங்குவது சுலபம். மேலே சொன்ன மாதிரி தகட்டைத்தான் படிக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி: 12 வோல்ட்டில் இது ஏறக்குறைய 100 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் கிடக்கும் மெல்லிய வயரைப் பேட்டரியோடு தொட்டால் வயர் உருகும், விரலும் வேகும். தடித்த கேபிள், நல்ல சாலினாய்டு (அதிக மின்னோட்டம் தாங்கும் சுவிட்ச்), காதடைப்பான், மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். ரோட்டாரில் ஏதாவது உரசுகிறதா என்று முதலில் கையால் சுற்றிப் பாருங்கள்.

மற்ற பழைய சைரன்களுக்கும் சுழல்விளக்குகளுக்கும் இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்க கார்கள் பெரும்பாலும் 1955, 56 வாக்கில் 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாறின. 6 வோல்ட் மோட்டார் என்றால் அதற்கு முந்தைய வண்டிக்குரியது என்று ஊகிக்கலாம். தெரியாமல் 12 கொடுத்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும். பல்பு ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கலாம், அதனால் மோட்டாரில் பொறித்ததை நம்புங்கள்.

சுழல்விளக்கின் டோமில் (மேல்மூடியில்) ‘எஸ்.ஏ.இ. டபிள்யூ3’ என்றும் அதன்பின் இரண்டு இலக்கமும் உள்ளன. அதுதான் வருஷமா? (சேலம் வாசகர்)

எஸ்.ஏ.இ. என்பது வாகனப் பாகங்களுக்குத் தரநிலை வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம். டபிள்யூ3 என்றால் எல்லாப் பக்கமும் தெரியும் எச்சரிக்கை விளக்கு. பின்னால் வரும் இலக்கங்கள், எந்த வருஷத் தரநிலைப்படி வடிவமைத்தார்கள் என்பதைச் சொல்கின்றன. 72 என்றால் 1972-க்கு முன் இல்லை, பின்னால் எவ்வளவு தூரம் என்று அது சொல்லாது. டோம்தான் முதலில் உடையும் பாகம். டோம் காட்டும் வருஷம் டோமுக்கு மட்டுமே.

லண்டன் ஏலத்தில் ‘ஏ.எஃப்.எஸ்.’ என்று பொறித்த பித்தளை மணி. உலகப் போர் காலத்துத் தீயணைப்பு வண்டி மணி என்கிறார்கள். (யாழ்ப்பாணத்து வாசகர், இப்போது லண்டனில்)

இருக்கலாம். ஆனால் ஏ.எஃப்.எஸ். எனும் துணைத் தீயணைப்புப் படை இரண்டு தடவை பிறந்தது. முதலாவது போருக்குச் சற்று முன் உருவாகி, 1941-ல் தேசியத் தீயணைப்புப் படையான என்.எஃப்.எஸ்.-ல் கரைந்தது. பனிப்போர் காலத்தில் அதே பெயரில் மறுபடி தொடங்கி 1968 வரை நடத்தினார்கள். ‘கிரீன் காடஸ்’ என்று பேர் வாங்கிய பச்சை பெட்ஃபோர்டு வண்டிகள் இந்த இரண்டாவது படையுடையவை. எனவே எழுத்து மட்டும் போர்க்காலத்தை நிரூபிக்காது. என்.எஃப்.எஸ். என்றிருந்தால் வேலை சுலபம், 1941-48 அவ்வளவுதான்.

கிரீடமும் ‘ஏ.எம்.’ (ஏர் மினிஸ்ட்ரி, அதாவது பிரிட்டிஷ் விமான அமைச்சகம்) எழுத்தும் 1939, 1940 போன்ற வருஷமும் கொண்ட மணி வந்தால் இரட்டிப்பு கவனம் வேண்டும். அது விமானப்படைத் தளத்து மணி, தீயணைப்பு வண்டிக்குச் சம்பந்தமில்லை. போலியும் ஏராளம். எழுத்துகளின் ஓரம் மழுங்கி, பள்ளத்தில் புதுப் பித்தளை மின்னினால் பேசாமல் கடந்துபோங்கள்.

ஜெர்மன் அவசர வண்டிகளின் நீல விளக்குக்கு வயது கண்டுபிடிப்பது எப்படி? (சிங்கப்பூர் வாசகர்)

சுருக்கமாக: ஜெர்மனியில் நீலம் 1938-ல் வந்தது, வான்தாக்குதல் பயத்தில் ஊரை இருட்டாக்கும் விதிகளோடு. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1990-க்கு முன். அலை அலையான கோடும் ‘கே’ எண்ணும் அவர்களுடைய உள்நாட்டு அனுமதி முத்திரை. வட்டத்துக்குள் ‘இ1’ என்றால் ஐரோப்பிய அனுமதி, பிற்காலத்தது.

புதுப்பேட்டையில் அம்பாசடர் மேல் வைக்கும் சிவப்புச் சுழல்விளக்கு வாங்கினேன். வயது சொல்ல முடியுமா? என் பழைய அம்பாசடரில் மாட்டலாமா? (சென்னை வாசகர்)

நம் ஊர்ப் பொருளுக்கு நம் ஊர்த் தபால்தான் துணை. ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. லேபிளில் ‘மெட்ராஸ்-2’ என்ற பாணியில் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க நல்ல வாய்ப்பு. ‘மெட்ராஸ் 600 002’ என்றால் அதற்குப் பின். ‘சென்னை’ என்றால் 1996-க்குப் பின். பம்பாய்க்கு 1995, கல்கத்தாவுக்கு 2001 என்று அதே கணக்கு. பழக்கத்தில் பழைய பெயரையே சில வருஷம் அச்சடித்தவர்களும் உண்டு, அதற்கு இரண்டொரு வருஷம் தள்ளுபடி கொடுங்கள்.

லேபிளைத் தேய்த்துக் கழுவ வேண்டாம், மொத்தச் சாட்சியும் அதில்தான் இருக்கிறது. டோமைத் தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைத்தால் பிளாஸ்டிக் நூல் நூலாக வெடிக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

மாட்டுவது கூடாது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவப்பு விளக்கைக் கட்டுப்படுத்தியது. 2017 மே 1 முதல் அமைச்சர்களே கழற்றிவிட்டார்கள். ஷோகேஸில் வைத்து, மேஜையில் 12 வோல்ட் சப்ளை கொடுத்துச் சுற்றவிடுங்கள்.