வி.சி.டி.யைப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி லாக் புக்கைப் பாருங்க

கேள்வி சுருக்கமா: கூட்ஸ் லோகோ பைலட். தொடர்ந்து நாலாவது நைட், விடியக்காலை 4 மணிக்கு சிவப்பு சிக்னலைத் தாண்டி 80 மீட்டர் போய் வண்டி நின்னுருக்கு. யாருக்கும் அடி இல்ல. எஸ்.எஃப்.5, அதாவது பெரிய தண்டனைக்கான சார்ஜ்ஷீட் வந்தாச்சு. ரெஸ்ட் தரல, இன்ஸ்பெக்டருக்கு என் மேல காண்டு, இன்ஜின்ல வி.சி.டி. (டிரைவர் விழிப்பா இருக்காரான்னு பாத்து, இல்லன்னா தானா பிரேக் போடுற கருவி) ஐசோலேட் ஆகி, அதாவது துண்டிச்சு இருந்துச்சு, நிர்வாகத்து மேல கேஸ் போடலாமான்னு கேக்குறார்.

சார், இன்ஸ்பெக்டர் காண்டை விட்டுடுங்க. நாலு நைட்டும் உதவாது, ரெண்டு நைட்டுக்கு மேல வேண்டாங்கிறது யூனியன் கோரிக்கை, ரூல் இல்ல. பாக்க வேண்டியது டூட்டி, ரெஸ்ட் நேரம் பதிவாகிற சி.எம்.எஸ். கம்ப்யூட்டர் ரெக்கார்டு மட்டும்தான். முந்தின டூட்டி 8 மணி நேரத்துக்கு மேல போயிருந்தா ஹெட்குவார்ட்டர்ஸ்ல 16 மணி நேரம் ரெஸ்ட் கிடைச்சுதா, அன்னிக்கு ஓட்டுற டூட்டி 9 மணி நேரத்தை, சைன் ஆன்லேருந்து மொத்தம் 11 மணி நேரத்தைத் தாண்டுச்சா? ரெஸ்ட் குறைஞ்சிருந்தா, இல்ல நேரம் தாண்டியிருந்தா பிடி இருக்கு. இல்லன்னா உங்க அசதி உண்மைதான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல, ஆனா டிஃபென்ஸா நிக்காது.

பயப்பட வேண்டியது வி.சி.டி. விஷயத்துலதான். என்கிட்ட வந்த ஒருத்தர் இதையே பதில்ல எழுதிக் குடுத்துட்டு வந்தார். இன்ஜின்லயே இருக்கிற லாக் புக்கோட காப்பியை வாங்கிப் பாத்தா, வண்டியை சார்ஜ் எடுத்தப்ப 'லோகோ ஓகே'ன்னு அவர் கையாலயே எழுதி, கீழ அவர் கையெழுத்து. விசாரணையில ஒரே கேள்வி, ஐசோலேட் ஆகி இருந்துச்சுன்னா ஏன் எழுதல, இல்லன்னா பண்ணினது யாரு? சிக்னல் தாண்டின கேஸ் அதோட பாதுகாப்புக் கருவியை முடக்கின கேஸா மாறிடுச்சு. அப்புறம் இதையும் யோசிங்க, வி.சி.டி. 60 செகண்டு சும்மா இருந்தா லைட் போட்டு, அப்புறம் சத்தம் போட்டு, கடைசியிலதான் பிரேக் பிடிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்துல அதுக்குள்ள வண்டி ஒரு கிலோமீட்டர் தாண்டிடும். அது வேலை செஞ்சிருந்தா இந்த சிக்னல்ல நின்னுருப்பேன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?

அடுத்தது அன்னிக்கு ராத்திரி லாபியில (டூட்டிக்கு கையெழுத்துப் போடுற ஆபீஸ்ல) எழுதிக் குடுத்த ஸ்டேட்மென்ட். 'கண்ணசந்துட்டேன் மன்னிக்கவும்'னு அதுல இருந்தா என்கிட்ட மறைக்காதீங்க. நீங்க கேஸ் போடப் போற மத்திய நிர்வாக டிரிப்யூனல் சாட்சியத்தை மறுபடி எடை போடாது, நடைமுறை சரியா, தண்டனை அளவுக்கு மீறுதான்னுதான் பாக்கும், அங்க போய் அதை அழிக்க முடியாது.

வெளிப்படையா சொல்றேன், கேஸ் வேண்டாம். சிக்னல் தாண்டினது டேட்டாவுல இருக்கு, அதை மறுக்காதீங்க, தண்டனையைக் குறைக்கப் பாருங்க. 1968 டி.ஏ.ஆர். (ரயில்வே ஊழியர் ஒழுங்கு விதிகள்) ரூல் 6-ல மோதல் நடந்தா, இல்ல சாதாரணமா நடந்திருக்கும்னு இருந்தா ரிமூவல், டிஸ்மிசல்தான் சாதாரணமா. வெறும் சிக்னல் தாண்டினதுக்கு சம்பள ஸ்டேஜ் குறைப்புலேருந்தே ஆரம்பிக்குது. வேலையும் பென்ஷனும் காப்பாத்தினா போதும்னு அதைக் குறி வைங்க. அதுக்காக 'குற்றத்தை ஒத்துக்கறேன்'னு மொத்தமா எழுதிடாதீங்க, விசாரணையே இல்லாம எந்த தண்டனையும் போட வழி திறந்துடும். தாண்டினதை ஒத்துக்கிட்டு, கவனக்குறைவுங்கிற வார்த்தையை மறுத்து, டூட்டி நேரத்தையும் இத்தனை வருஷ சர்வீஸையும் காட்டுங்க. பதிலுக்கு 10 நாள்தான். ரூல் தெரிஞ்ச ரிட்டயர்டு ஆள் யாரையாவது டிஃபென்ஸுக்கு வைங்க.

லாக் புக் பக்கத்தோட காப்பியை இன்னிக்கே எழுதிக் கேளுங்க சார், அந்த இன்ஜின் இந்நேரம் வேற எங்கயாவது ஓடிட்டிருக்கும்.